ஒரே மந்திரம், வேறு வேறு நட்சத்திரம்

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் இரண்டு கேள்வி கேட்பார். பேர் என்ன, நட்சத்திரம் என்ன. சில இடங்களில் கோத்திரமும் கேட்பார்கள். பதில் வந்ததும் சங்கல்பத்தில் அந்தப் பெயரை உரிய இடத்தில் பொருத்திச் சொல்லிவிட்டு, மிச்சத்தை எப்போதும் போலவே சொல்லி முடிப்பார். அடுத்து நிற்பவருக்கும் அதே மந்திரம், வேறு நட்சத்திரம். ஆளுக்கொரு மந்திரம் என்று அவர் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. நட்சத்திரம் தெரியாதவர்கள் “சாமி பேருக்கே பண்ணிடுங்க” என்பார்கள். அதற்கும் மந்திரத்தில் இடமிருக்கிறது.

மென்பொருள் பாஷையில் மந்திரம் ஒரு செயல்முறை. பெயரும் நட்சத்திரமும் அளவுருக்கள். அலுவலகத்தில் நாங்கள் பாராமீட்டர் என்போம். சாமி பேருக்கு என்பது டீஃபால்ட். புரோகிராம் எழுதக் கற்கிறவர்களுக்கு இது முதல் வாரத்துப் பாடம். அந்த புரோகிராமைச் சோதிக்கிறவர்கள் மட்டும் இந்தப் பாடத்தை வெகுகாலம் படிக்காமலே காலம் தள்ளினோம். நான் சோதிக்கிற கட்சி என்பதால் சொல்கிறேன்.

ஒரு டெஸ்ட் கேஸுக்குள் மூன்று சமாச்சாரம் உண்டு. என்ன செய்ய வேண்டும், எந்த மதிப்பை வைத்துச் செய்ய வேண்டும், என்ன விடை வர வேண்டும். இந்த மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி எழுதிவைப்பதுதான் பழைய வழக்கம். 2000களின் நடுவில் நான் சேர்ந்த ஒரு வேலையில், காப்பீட்டு பிரீமியம் கணக்கிடும் ஒரு திரைக்கு எக்செல் ஷீட்டில் 180 டெஸ்ட் கேஸ் இருந்தன. ஒவ்வொன்றிலும் பதினோரு படி. லாகின் செய், மெனுவைத் திற, வயதைக் கொடு, காப்பீட்டுத் தொகையைக் கொடு, பொத்தானை அழுத்து, இப்படியே. ஒரு கேஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரே ஒரு எண். முதல் கேஸை எழுதியவர் ஒழுங்காக எழுதியிருந்தார். மற்ற 179-உம் காப்பி பேஸ்ட்.

ஒருநாள் லாகின் திரை மாறியது. பயனர் பெயருக்கு ஒரு பக்கம், கடவுச்சொல்லுக்கு அடுத்த பக்கம் என்று ஆக்கிவிட்டார்கள். 180 இடத்தில் ஒரு படியை இரண்டாக்க வேண்டும். உட்கார்ந்து ஒட்டினேன். மூன்று நாள் போனது. மூன்றாம் நாள் மாலை டெஸ்ட் லீட் மேடம் என் பின்னால் வந்து நின்று சற்று நேரம் பார்த்தார்.

“ஏம்ப்பா, இந்த நூத்தி எண்பதுல நிஜமாவே வேற வேற எத்தனை இருக்கும்?”

“பதினாலு இருக்கும் மேடம்.” ஷீட்டை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிவிட்டு, “இல்ல மேடம், பதிமூணு” என்றேன்.

அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. அறுபது வயதுக்கான கேஸில் ஐம்பத்தொன்பது வயதின் பிரீமியம் எதிர்பார்க்கும் விடையாக இருந்தது. ஒட்டியவர் வயதை மாற்றினார், விடையை மாற்ற மறந்தார். அதைக் கடந்த மூன்று ரிலீஸிலும் யாரோ ஓட்டி, ‘பாஸ்’ என்று பச்சை வண்ணம் பூசியிருந்தார்கள். 180 கேஸை வரிசையாகப் பார்க்கும் கண் பத்தாவது கேஸுக்கு மேல் எதையும் வாசிப்பதில்லை. நகலெடுத்த டெஸ்ட் கேஸின் பெரிய கேடு இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். திருத்துவதற்கு ஆகும் மூன்று நாளை எப்படியோ கொடுத்துவிடலாம். எந்த எண்ணுக்காக அந்தக் கேஸ் எழுதப்பட்டதோ, அந்த எண் பத்து வரிச் சடங்குக்குள் புதைந்துபோவதற்கு வைத்தியம் கிடையாது.

ஆட்டோமேஷன் கருவிகள் வந்தபோது முதலில் இதே தவறை இன்னும் வேகமாகச் செய்தன. மெர்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் வின்ரன்னர், குவிக்டெஸ்ட் போன்றவற்றில் ‘ரெக்கார்ட்’ பொத்தானை அழுத்திவிட்டு நாம் வேலையைச் செய்தால், கருவி பார்த்துப் பதிந்துகொள்ளும்; பிறகு தானே செய்து காட்டும். விற்பனைக் கூட்டத்தில் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் பதிவில் நாம் தட்டிய மதிப்பும் அப்படியே உறைந்துபோகும். பிறகு அந்த மதிப்பைத் தேர்ந்தெடுத்து ‘பாராமீட்டர் ஆக்கு’ என்று சொல்லி, ஒரு அட்டவணையின் பத்தியோடு இணைக்கும் வசதி வந்தது. அட்டவணையில் எத்தனை வரியோ அத்தனை முறை அதே சோதனை ஓடும். லாகின் போன்ற துண்டுகளைத் தனியே எடுத்து வைத்துப் பல சோதனைகளில் அழைக்கவும் முடிந்தது. (மெர்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்கு மாற்று செலினியம் என்ற குறும்பில்தான், 2004-இல் சிகாகோவில் பிறந்த இலவசக் கருவிக்கு செலினியம் என்று பெயர் வைத்தார்கள். இந்தத் துறையில் இருக்கும் ஒருசில நல்ல ஜோக்குகளில் அது ஒன்று.)

சரி, அட்டவணை கையில் வந்துவிட்டது. அதில் எதை எழுதுவது? வேலையின் மூளை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நம் வீட்டுக் கரண்ட் பில்லை எடுத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் கணக்கே வேறு: 101 முதல் 400 வரை முழுவதும் ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6, 501 முதல் 600 வரை ரூ. 8, அதற்கு மேல் இன்னும் ஏறும். இந்தக் கணக்கைப் போடும் ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. அதைச் சோதிக்க வேண்டும். செயல்முறை ஒரே வரி: யூனிட்டைக் கொடு, தொகையை வாங்கு, எதிர்பார்த்ததோடு ஒப்பிடு.

புதிதாக வருகிற டெஸ்டர் ஒவ்வொரு ஸ்லாபின் நடுவிலிருந்தும் ஓர் எண்ணை எடுப்பார்.

50 யூனிட்: 0
150 யூனிட்: 112.50
300 யூனிட்: 675
450 யூனிட்: 1,425
550 யூனிட்: 2,350

ஐந்து வரி, ஐந்தும் பச்சை. இப்போது புரோகிராம் எழுதியவர் ஓரிடத்தில் ‘500 அல்லது அதற்குக் குறைவு’ என்பதற்குப் பதில் ‘500-க்குக் குறைவு’ என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனிதர்கள் ஓயாமல் செய்யும் தவறு. மேலே உள்ள ஐந்து வரியும் அப்போதும் பச்சையாகவே இருக்கும். ஆனால் சரியாக 500 யூனிட் செலவழித்த குடும்பத்துக்கு 1,725 ரூபாய்க்குப் பதில் 1,950 ரூபாய் பில் வரும். ஏசியை இரண்டு மாதம் கணக்குப் பார்த்து ஓட்டி, கடைசி நாளில் மீட்டரை எட்டிப் பார்த்து நிறுத்தியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கே 225 ரூபாய் கூடுதல்.

எனவே அட்டவணைக்கு இரண்டு வரி சேர்க்கிறோம்.

500 யூனிட்: 1,725
501 யூனிட்: 1,958

அந்த ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை 233 ரூபாய். தமிழ்நாட்டில் பில் கட்டும் எவருக்கும் இது தெரியும், கருவிக்குத் தெரியாது.

எல்லையில் சோதி என்று பாடப்புத்தகம் சொல்லும். அதைக் கேட்டு 200, 201, 400, 401 என்று எல்லா எல்லையையும் வரிசையாக எழுதுபவர்களும் உண்டு. எழுதலாம், கெடுதல் இல்லை. ஆனால் 200-இல் டெவலப்பர் அதே ‘குறைவு’ தவறைச் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் ஆகாது. 200-ஆவது யூனிட் வரை 225 ரூபாய், அதற்கு மேல் பூஜ்ஜியம் யூனிட்டுக்கு எந்த விலை போட்டாலும் பூஜ்ஜியம். இரண்டு வழியிலும் 225 தான். 200-இல் கணக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, 500-இல் குதிக்கிறது. இந்த வித்தியாசம் கட்டண ஆணையைப் படித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒரு கருவியிடம் ஆயிரம் எண்ணைக் கொடுத்து ஓட்டச் சொல்வதற்கும், 500 என்று ஒரு வரி எழுதுவதற்கும் இடையே இருப்பது இந்த அரை மணி நேர வாசிப்பு.

இதையெல்லாம் ஏன் அட்டவணையாக எழுத வேண்டும்? ஒரே சோதனைக்குள் ஒரு லூப் போட்டு எல்லா எண்ணையும் ஓட்டிவிடலாமே என்று கேட்கலாம். கேட்டவர்கள் நிறையப் பேர்; நானும் கேட்டிருக்கிறேன். லூப்பில் மூன்றாவது எண் தோற்றால் சோதனை அங்கேயே நின்றுவிடும். மிச்சம் ஓடியிருந்தால் தேறியிருக்குமா, தோற்றிருக்குமா என்று தெரியாது. பாராமீட்டர் வசதியுள்ள கருவி ஒவ்வொரு வரியையும் தனிச் சோதனையாக நடத்தும். ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடும், விழுந்தது எந்த வரி என்று மதிப்போடு சேர்த்துச் சொல்லும். 500-உம் 501-உம் சேர்ந்து தோற்றால் ஒரு கதை, 500 மட்டும் தோற்றால் வேறு கதை. எந்த வரிகள் தோற்றன என்ற கோலமே பாதி நேரம் பக் எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும்.

வலது பத்தியைப் பற்றி, அதாவது எதிர்பார்க்கும் விடையைப் பற்றி, ஒரு எச்சரிக்கை. 1,725 என்ற எண்ணை நான் காகிதத்தில் போட்டு எழுதினேன். 100 பெருக்கல் 2.25, 200 பெருக்கல் 4.50, 100 பெருக்கல் 6, கூட்டினால் 1,725. இதற்குச் சோம்பல்பட்டு, விடையையும் ஒரு சூத்திரத்தால் கணக்கிட்டு அட்டவணையில் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். புரோகிராமை எழுதிய அதே மூளை, அதே சூத்திரம், அதே தவறு. இரண்டும் கைகோத்துக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டும். விடை வெளியிலிருந்து வர வேண்டும்: கட்டண ஆணையிலிருந்து, கைக்கணக்கிலிருந்து, ஒரு பழைய பில்லிலிருந்து. 2024 ஜூலையில் கட்டணம் திரும்பவும் மாறியது. அப்படி மாறும்போது செயல்முறையைத் தொட வேண்டியதில்லை, வலது பத்தியைப் புதுக் கட்டணப்படி எழுதினால் போதும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைக் கையால் செய்வதே உத்தமம்.

மதிப்பைத் தனியே பிரித்து வைக்கும் இந்த யோசனை கருவிகளுக்குள் நுழைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு ஒரு மாநாட்டுக்குப் பறந்தபோது, விமானத்திலேயே உட்கார்ந்து ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியின் முதல் வடிவத்தை எழுதினார்கள். ஜாவா உலகம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. அதில் அளவுருவுக்கு முறையான இடம் கிடைக்க 2006-இல் வந்த நான்காம் பதிப்பு வரை ஆனது. அதுவும் சுற்றிவளைத்த ஏற்பாடு. சோதனையின் தலையிலேயே நாலு மதிப்பை எழுதிவிட்டுப் போகும் சௌகரியம் 2017-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. பைத்தான்காரர்களின் பைடெஸ்டில் இந்த வேலைக்கு ‘பாராமெட்ரைஸ்’ என்று பெயர். இதை ‘பாராமீட்டரைஸ்’ என்று எழுதிவிடுகிறவர்கள் அவ்வளவு பேர் என்பதால், அப்படி எழுதினால் அதைச் சுட்டிக்காட்டவே ஒரு செய்தியை அந்தக் கருவிக்குள் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட வார்டு கன்னிங்காமைப் பிடிக்கும். விக்கியைக் கண்டுபிடித்தவர். 2002-இல் அவர் வெளியிட்ட ஃபிட் என்ற கருவியில் அட்டவணையே சோதனை. கணக்குப்பிள்ளையோ கிளை மேலாளரோ ஒரு சாதாரண அட்டவணையில் தங்களுக்குத் தெரிந்த எடுத்துக்காட்டுகளை எழுதுவார்கள். கருவி அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக ஓட்டி, சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு என்று வண்ணம் அடித்துத் திருப்பிக் கொடுக்கும். செயல்முறையை புரோகிராமர் ஒருமுறை எழுதிவிடுவார். வரிகளைத் தொழில் தெரிந்தவர் எழுதுவார். 500-ஆவது யூனிட்டின் சூட்சுமம் யாருக்குத் தெரியுமோ அவர் கையிலேயே பேனா.

பிறகு வந்த குகும்பர் என்ற கருவி அதை வாக்கியமாக்கியது. அதன் கெர்கின் மொழியில் ஒரு காட்சியை இடம் விட்டு எழுதி, கீழே எடுத்துக்காட்டுகள் என்ற அட்டவணையை வைக்கலாம். உலக மொழிகள் பலவற்றில் அதை எழுத முடியும். தமிழும் அதில் ஒன்று. ‘காட்சி வார்ப்புரு’ என்று தொடங்கி, ‘கொடுக்கப்பட்ட’, ‘எப்போது’, ‘அப்பொழுது’ என்று வரிகளை எழுதி, ‘எடுத்துக்காட்டுகள்’ என்று அட்டவணையைப் போட்டால் கருவி புரிந்துகொள்ளும். ஆங்கிலச் சொல்வரிசைக்குப் பொருத்திய சொற்கள் என்பதால் ‘எப்போது’ வாக்கியத்தின் தலையில் வந்து உட்கார்ந்து கொஞ்சம் கேள்வி கேட்பதுபோலத் தொனிக்கும். ஆனாலும் வார்ப்புரு என்ற சொல்லை அங்கே வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு சபாஷ். உருக்கி ஊற்றுவது மாறினாலும் அச்சு ஒன்றுதான்.

அச்சு ஒன்றுதான் என்பதில் மயங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நம் கரண்ட் பில் அட்டவணைக்கே திரும்பலாம். யாரோ ஒருவர் நல்ல கேள்வி கேட்கிறார்: ஐந்து இலக்க மீட்டர் 99,999-ஐத் தாண்டிச் சுற்றி வந்தால்? முந்தைய ரீடிங் 99,870, இப்போது 40 என்றால் செலவு 170 யூனிட். அருமையான வரி. ஆனால் அட்டவணையில் யூனிட்தான் இருக்கிறது, ரீடிங் இல்லை. உடனே இரண்டு பத்தி சேர்க்கிறார்கள். அடுத்தவர், மீட்டரையே மாற்றியிருந்தால் என்கிறார். ‘மாற்றப்பட்டதா’ என்று ஒரு பத்தி. கதவு பூட்டியிருந்து ரீடிங் எடுக்க முடியாமல் போனால், இன்னொரு பத்தி. பாதி வரிகளில் பாதிக் கட்டங்கள் காலி. செயல்முறைக்குள் ‘இது ஆம் என்றால் அந்தப் படியை விடு’ என்று நிபந்தனைகள் முளைக்கின்றன. சோதனையே ஒரு புரோகிராம் ஆகிவிட்டது. இனி அதைச் சோதிக்க ஒரு சோதனை வேண்டும்.

என் கைவிதி ஒன்று உண்டு. ஒரு பத்தி மதிப்பைச் சொன்னால் இருக்கட்டும். எந்த வழியில் போக வேண்டும் என்று சொன்னால் அது வேறு சோதனை, பிரித்துவிடு. யூனிட்டிலிருந்து ரூபாய்க்கு ஒரு சோதனை, ரீடிங்கிலிருந்து யூனிட்டுக்கு இன்னொன்று. கல்யாணத்துக்கும் திவசத்துக்கும் ஒரே மந்திரத்தை வைத்துக்கொண்டு இடையில் சில வரிகளைத் தாண்டிப் போகும் புரோகிதரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பல காரணிகள் நிஜமாகவே கலந்து வரும் இடமும் உண்டு. நாலு காரணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பு என்றால் 81 சேர்க்கை. ஆனால் எந்த இரண்டு காரணிகளை எடுத்தாலும் அவற்றின் எல்லா ஜோடிகளும் ஒருமுறையாவது வந்தால் போதும் என்றால், ஒன்பதே வரியில் முடிந்துவிடும். காரணி பதிமூன்று என்றால் சேர்க்கை 15,94,323. ஜோடிகளுக்கு வேண்டியது 15 வரி. நான் முதன்முதலில் இதைக் கேட்டபோது நம்பவில்லை. இதன் பின்னால் இருக்கும் செங்குத்து அணிகளின் கணிதத்தை 1940களில் உருவாக்கியவர் நம் புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டைச் சேர்ந்தவர்கள் பலவகை மென்பொருள்களின் பிழைகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை ஓரிரு காரணிகள் சேர்ந்தாலே வெளிப்பட்டன. ஆறுக்கு மேற்பட்ட காரணிகள் சேர்ந்தால்தான் தலைகாட்டும் பிழை ஒன்றுகூட அவர்களிடம் சிக்கவில்லை. ஆகவே பதினைந்து வரி என்பது கஞ்சத்தனம் ஆகாது.

ஆனால் இந்தக் கணிதமும், இந்த அட்டவணைக் கருவிகளும், நீங்கள் எழுதாத ஒரு மதிப்பைத் தானாக எழுதித் தரா.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. பூமியின் காந்தமண்டலத்தை ஆராய வேண்டிய நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் அதன் தலையில் இருந்தன. ஏறத்தாழ நாற்பது நொடியில் பாதையிலிருந்து திரும்பி, உடைந்து, வெடித்துச் சிதறியது.

ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்லும் கருவியின் மென்பொருள் ஏரியன் 4-க்காக எழுதப்பட்டது. அங்கே அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. நன்றாக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும் என்று அப்படியே ஏரியன் 5-க்கு எடுத்துக்கொண்டார்கள். அதில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் அளவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் ஒரு வரி இருந்தது. கூட்டல் கழித்தல் குறியோடு 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. இப்படிப்பட்ட ஆபத்துள்ள ஏழு எண்கள் அந்த மென்பொருளில் இருந்தன. நான்குக்குக் காவல் போட்டிருந்தார்கள், மூன்றுக்குப் போடவில்லை. அந்த மூன்றும் ஏரியன் 4-இல் அவ்வளவு பெரிதாக வளர வாய்ப்பில்லை என்பது காரணம். கணினியின் சுமை எண்பது சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அந்தக் கணக்கு ஏரியன் 4-க்குச் சரியான கணக்கு.

ஏரியன் 5 வேறு வண்டி. அதன் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறும். எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவி முதலில் நின்றது. அதே மென்பொருளை ஓட்டிக்கொண்டிருந்த முதன்மைக் கருவி அடுத்த 72 மில்லிநொடிச் சுற்றில் நின்றது. அது கடைசியாக அனுப்பிய பிழைச் செய்தியைப் பறப்புத் தகவல் என்று நினைத்து ராக்கெட் தன் மூக்கைத் திருப்பியது. இதில் மனசு ஆறாத விஷயம், அந்தக் கணக்கே கிளம்புவதற்கு முன்பு மட்டும் தேவைப்பட்டது. கிளம்பிய பிறகு ஏரியன் 5-இல் அதற்கு எந்த வேலையும் இல்லை. ஏரியன் 4-இன் பழைய ஏற்பாட்டைப் பின்பற்றி நாற்பது நொடி வரை சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு சோதனை ஏடுகளைப் புரட்டியது. சோதனைகள் நடந்திருந்தன, நிறையவே. ஆனால் அந்தக் கருவியை ஏரியன் 5-இன் பாதையை வைத்து யாரும் ஓட்டிப் பார்த்திருக்கவில்லை. கருவிக்கு எழுதிய தேவைப் பட்டியலிலேயே ஏரியன் 5-இன் பாதைத் தகவல் இடம்பெறவில்லை. முழு ராக்கெட்டையும் தரையில் பாவித்துப் பார்த்த சோதனைகளில் நிஜக் கருவியை இணைக்காமல், அதைப்போல நடிக்கும் ஒரு மென்பொருளை வைத்திருந்தார்கள்.

விபத்துக்குப் பிறகு, சோதனையில் விடுபட்ட அந்த வரியைச் சேர்த்தார்கள். அதே மென்பொருள், ஒரு எழுத்தும் மாற்றாமல், ஒரு கணினியில் ஏற்றப்பட்டது. ஜூன் 4-ஆம் தேதி ராக்கெட் நிஜமாகப் பறந்த பாதையின் எண்களை அதற்குக் கொடுத்தார்கள். கூரூ வானத்தில் நடந்தது அத்தனையும், நடந்த அதே வரிசையில், மேசைமேல் மறுபடி நடந்தது.